ஈசிஜி நார்மல் என்கிறார்கள். ஆனாலும் திடீரென்று செத்துவிடுவேன் போலப் பயம் வருகிறது. எப்படி மீள்வது?

நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப் போகிறது, ஈசிஜியும் எக்கோவும் நார்மல், இந்தப் பயத்தாலேயே தனியாக பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் சொன்னதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் ஏழு மாதம் பஸ் ஏறாமல் இருந்தவள்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த காலம் அது. ஒரு நாள் காலை செங்கிப்பட்டி தாண்டியதும் மூச்சு போதவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிர மறுத்தன. துவாக்குடியில் இறங்கி ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வினையே அங்கேதான் தொடங்கியது. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனசு எழுதி வைத்துக்கொண்டது. மறுநாள் பஸ்ஸைப் பார்த்தாலே படபடப்பு. பிறகு கோயில் வரிசை, லிஃப்ட், கல்யாண மண்டபம் என்று ஒவ்வொன்றாக விட்டேன்.

அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். ஒரு டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, நீயா நெனச்சுக்கிற" என்றார். அந்த வார்த்தைதான் ரொம்ப வலித்தது.

கடைசியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் தைராய்டும் ரத்தச்சோகையும் இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த முறை போனபோது, "இங்கயே உக்காந்து ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடுங்க" என்றார். முழு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே எறும்பு, அதே விரல்! "இப்ப பஸ்ஸும் இல்ல, கூட்டமும் இல்ல, பாத்தீங்களா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. நாம் பதறி மேலும் மேலும் மூச்சை இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மரத்துப் போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். மூச்சு போதாததுபோல் தோன்றும் அந்த நேரத்தில் நாம் அளவுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். இது கற்பனையில்லை, உடம்பில் நிஜமாகவே நடப்பது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும். நான் அதுவரை ஒரு தடவைகூட அது இறங்குவதைப் பார்த்ததில்லை. அதற்கு முன்பே எழுந்து ஓடியிருக்கிறேன். (ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் இந்த மூச்சுப் பரிசோதனையைத் தாமாகச் செய்யக் கூடாது.)

அப்புறம் பயிற்சி. முதலில் வல்லம் வரை, அம்மாவோடு. பிறகு தனியாக. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயம் பத்துக்கு எத்தனை என்று டிக்கெட்டின் பின்னால் எழுதுவேன். ஒரு நாள் 9, 9, 7, 4 என்று இறங்கியது. அந்த டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

மாத்திரையும் சாப்பிட்டேன். எஸ்எஸ்ஆர்ஐ என்கிற, பதற்றத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் வகை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்கு அடிமையாவோம் என்று பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உடனே படபடப்பை அடக்கும் அல்பிரசோலம் போன்றவை வேறு ரகம். அவைதான் பழகிவிடும். தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கொடுத்தாலும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்றும் இருந்தது. அப்பா மாரடைப்பில் போய் அப்போது எட்டு மாதம். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் என்று அலைந்ததில் நான் உட்கார்ந்து அழவே இல்லை. எனக்கு ஏன் நெஞ்சிலேயே வந்தது என்று டாக்டரம்மாவிடம் பேசிப் பேசித்தான் புரிந்தது. உங்களுக்கும் அப்படிப் பேசாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால், 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி தாடைக்கும் இடது கைக்கும் பரவி வியர்த்துக் கொட்டினாலோ, "இது பதற்றம்தான்" என்று சும்மா இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பஸ்ஸுக்கு இந்த வாரம் ஒரே ஒரு ஸ்டாப் போதும். தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பயம் பாதியாகக் குறைந்ததும் அடுத்த தடவை அவரைப் பின் சீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.