சமுதாயக் கூடத்தை மறுவாழ்வு மையமாக்க அரசுப் பணம் கிடைக்குமா?

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமத்திலிருந்து மகளிர் குழுத் தலைவி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊரில் குடியால் நொடிந்துபோன குடும்பங்கள் நிறைய. சமுதாயக் கூடம் காலியாகக் கிடக்கிறது. எம்.எல்.ஏ. நிதியில் அதைக் குடிநோய் மறுவாழ்வு மையமாக மாற்ற முடியுமா? யாரிடம் மனு கொடுப்பது?"

சகோதரி, தொகுதி நிதியில் சுவர் எழுப்பலாம், கழிப்பறை கட்டலாம். எம்.பி. நிதியும் அப்படித்தான். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்றாலும் அது நிலைத்து நிற்கும் சொத்துக்கான பணம். மருத்துவர், செவிலியர், ஆலோசகர் சம்பளத்துக்கும் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து மாதாமாதம் எடுக்க முடியாது. குடிநோய் சிகிச்சையில் பெரிய செலவே இதுதான். ஆளுக்குச் சம்பளம் இல்லாத மையம் திறப்பு விழாவோடு பூட்டப்பட்டுவிடும். கலால் துறை விழிப்புணர்வுக்கென்று பணம் ஒதுக்குகிறது. ஆனால் பேரணியாலும் தெருநாடகத்தாலும் யாருடைய கைநடுக்கமும் நிற்காது.

அந்தக் கைநடுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னும் ஆபத்து: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், கட்டிலில் உட்கார்ந்தபடியே வலை இழுப்பார், பெற்ற மகளை அடையாளம் தெரியாது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அவருக்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், ஊசியாகப் போக வேண்டும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இதையெல்லாம் சமுதாயக் கூடத்தில் பாய் விரித்துப் பார்க்க முடியாது. முதல் ஒரு வாரம், பத்து நாள் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.

சட்டமும் இடம் தராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநலப் பாதிப்புகளும் அடங்கும். நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

சரி, சம்பளத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் திட்டமே இல்லையா? இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 முதல் போதைப்பொருள் தேவைக் குறைப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை நடத்துகிறது. படுக்கை வசதியுள்ள மறுவாழ்வு மையங்களுக்கும், ஊருக்குள் போய் ஆட்களைச் சந்திக்கும் சிறிய மையங்களுக்கும் அதில் மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வேண்டும். அதற்கு, தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் மத்திய அரசின் தர்பண் இணையதளத்து எண், தணிக்கை செய்த கணக்கு எல்லாம் இருக்க வேண்டும். பணம் தவணையாகத்தான் வரும். செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. நடுவில் தாமதமானால் ஊழியரைத் தக்கவைக்கக் கையில் காசு வேண்டும். ஒரு மகளிர் குழு இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அதைவிட, அரசு ஏற்கெனவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்களை உங்கள் ஊருக்கு வரவழையுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரும் குழுவும் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அந்தக் கூடத்திலோ முகாம் நடத்தக் கேளுங்கள். படுக்கை தேவைப்படுபவர்களைக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பலாம். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் நம் பக்கத்து நோயாளிகளும் அங்கே போகலாம். ‘கலங்கரை’ என்ற பெயரில் தமிழக அரசு 2025இல் திறந்த மையங்களில் உங்களுக்குக் கிட்டத்தில் எது என்று 104இல் கேளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 இலவச எண்.

அப்புறம்தான் கூடம் உதவும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் மறுபடி குடிக்காமல் இருப்பதுதான் கடினம். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் விலை குறைந்த சரக்கு கிடைக்கும் ஊர் நம்முடையது. குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். வாரம் ஒரு மாலை அதன் கூட்டம் நடத்த இடம் கொடுங்கள். அவர்கள் அரசுப் பணமோ வெளியார் நன்கொடையோ வாங்குவதில்லை. ஓர் ஆலோசகரின் சம்பளத்துக்கோ வண்டிச் செலவுக்கோ சிப்காட் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். பத்து நாள் மருத்துவமனையில் படுத்தாலும் அப்போது கடல் வருமானம் கெடாது. அதற்குள் முகாம் தொடங்கும்படி கேளுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மனுவில் "மையம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். எத்தனை குடும்பம், எந்த நாளில் முகாம், யார் பொறுப்பு என்று எழுதுங்கள். குடிப்பவர்களின் பெயரை மட்டும் எதிலும் எழுத வேண்டாம். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.