உதவி சாதனங்கள், நர்சிங் ஸ்டூடன்ட்ஸ்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (டியூட்டர்): மேடம், அறிவுசார் குறைபாடு உள்ளவங்களை பாத்துக்கிற பேட்சுக்கு முதல்ல எந்த சாதனத்தை சொல்லிக்குடுக்கலாம்?

பதில்: சாதனத்துல ஆரம்பிக்காதீங்க. உதவி சாதன நிபுணர் ஜாய் ஜபாலா சொன்ன செட் (SETT) முறைல ஆள், சூழல், வேலை, இந்த மூணையும் பாத்துட்டுதான் கருவிக்கே வரணும். ஸ்கூல் பசங்களுக்காக வந்தது, இங்கயும் பொருந்தும். நம்ம கிளாஸ்ல டேப்லட்டை நீட்டி ஆப் காட்டுறதுலதான் எல்லாமே தொடங்குது, அதான் கடுப்பு.

கேள்வி (மூணாம் வருஷம்): பேச்சு வராதவர்கிட்ட படப்பலகை, அதான் படத்தைத் தொட்டு பேசற பலகை, குடுத்தேன் மேடம், திரும்பிக்கூட பாக்கல.

பதில்: நீங்க அதைத் தொட்டுப் பேசினீங்களாம்மா? குடுத்துட்டு நின்னா யாருக்கும் வராது. தண்ணி வேணுமான்னு கேக்கும்போதே தண்ணி படத்தைத் தொடுங்க, அப்புறம் ஒரு பத்து செகண்ட் வாயை மூடிட்டு காத்திருங்க, நம்மாளுங்களுக்கு இதுதான் கஷ்டம், ரெண்டு செகண்ட்ல அடுத்த கேள்விக்குப் போயிடுறோம். "தண்ணி எங்க, காட்டு"ன்னு பரீட்சை வைக்காதீங்க. அந்தப் பலகைல சாப்பாடு, பாத்ரூம் மட்டும்தானா? "வேணாம்", "நிறுத்து", "வலிக்குது" கண்டிப்பா இருக்கணும். நான் ஸ்டூடன்ட்ஸை ஒரு மணி நேரம் பேசாம பலகையை மட்டும் வச்சு பழகச் சொல்வேன், ஒருத்தருக்கு பல்வலின்னு சீட்டு குடுப்பேன், பலகைல பல் படமே இருக்காது. கன்னத்துல தட்டி தட்டி கடைசில கடுப்பாகி மேஜையைத் தட்டுவாங்க. வார்டுல இதையே ஒரு பேஷன்ட் பண்ணா "பிஹேவியர் பிரச்சனை"ன்னு எழுதிட்டு போயிடுறோம், வலிய யாரும் தேடுறதில்ல.

கேள்வி (கேர் ஒர்க்கர்): படத்துக்குப் பழகினா இருக்கற பேச்சும் போயிடுமாமே?

பதில்: போகாது. மில்லர், லைட், ஷ்லோசர்னு மூணு ஆய்வாளர்கள் 2006ல பழைய ஆய்வுகளை அலசினாங்க, உறுதியான ஆதாரம் இருந்த 27 பேர்ல ஒருத்தருக்கும் பேச்சு குறையல, நிறைய பேருக்கு கொஞ்சம் கூடியிருந்துச்சு.

கேள்வி (ரெண்டாம் வருஷம்): ஜிபிஎஸ் வாட்ச், பெட்டை விட்டு எழுந்தா அலாரம் அடிக்கிற பெட் சென்சார்லாம் வேவு பாக்கறது மாதிரி இல்லையா மேடம்?

பதில்: சில சமயம் அதேதான். 2006 ஐநா மாற்றுத்திறனாளி உரிமை உடன்படிக்கைல தனியுரிமையும் இருக்கு. வாட்சை கைல குடுத்து, படம் போட்டு, புரியற மாதிரி சொல்லி கேளுங்க, தினமும் கழட்டி வீசுறார்னா அதுவும் ஒரு பதில்தான். நைட் அலாரம் அடிச்சா யாரு ஓடிவரணும்னு முடிவு பண்ணாம சென்சார் மாட்டவே மாட்டாதீங்க.

கேள்வி (டியூட்டர்): பிராக்டிகல்ல எதுக்கு மார்க் போடறது?

பதில்: சாதனத்தை இயக்குற ஸ்விட்ச் அவர் கை எட்டுற இடத்துல இருக்கா, சார்ஜ் இருக்கா, எக்ஸ்ரேக்கு கூட்டிட்டுப் போறப்போ பலகையும் கூடப் போச்சா. மெயின்னா, "வேணாம்"னு அவர் தொட்டப்போ ஸ்டூடன்ட் நிறுத்தினாங்களா. அதுக்கு பாதி மார்க் வைங்க.