தடுப்பு மருந்து விட்டும் கோழிகள் ஏன் செத்தன?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பாசிப்பயற்று வயலை ஒட்டி இருக்கிறது. பயறுக்கு இரண்டு முறை பூச்சிமருந்து அடித்தோம். கோழிகள் அங்கேதான் மேய்ந்தன. அப்போது ஒன்றும் சாகவில்லை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தும் கண்ணில் விட்டிருந்தேன். இருந்தும் கோடை தொடங்கியதும் இருபதில் பதினான்கு கோழிகள் பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகிச் செத்தன. பூச்சிமருந்துதான் காரணமா?
- ஒரு வாசகர், பெகு, மியான்மர்

பதில்: பச்சைக் கழிச்சலும் திருகிய கழுத்தும் பெரும்பாலும் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயின் அடையாளங்களே. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து நேராகத் தாக்கியிருந்தால், கோழிகள் எச்சில் ஒழுக்கி, கால் தள்ளாடி, மூச்சுத் திணறி, தின்ற சில மணி நேரத்திலேயே விழுந்திருக்கும். எனவே கொன்றது நோய்க்கிருமி என்று கொள்வோம். தடுப்பு மருந்து ஏன் காக்கவில்லை என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பறவையின் குதத்துக்குச் சற்று மேலே, உள்ளே, பர்சா என்னும் சிறு பை ஒன்று உண்டு. எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் வெள்ளணுக்கள் குஞ்சுப் பருவத்தில் இந்தப் பையில்தான் முதிர்கின்றன. அவற்றுக்குப் 'பி' அணுக்கள் என்ற பெயர் வந்ததும் இதனால்தான். குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகளைக் கோழி சாகாத அளவில் தொடர்ந்து தீவனத்தில் கலந்து கொடுத்த ஆய்வுகளில் இந்தப் பையும் மண்ணீரலும் சேதமடைந்து, தடுப்பு மருந்துக்குப் பிறகு இரத்தத்தில் ஏற வேண்டிய எதிர்ப்புப் புரதம் குறைவாகவே ஏறியது. தேனீக்களிலும் இத்தகைய விளைவு உண்டு: குளோதியானிடின் என்னும் பூச்சிமருந்து அவற்றின் எதிர்ப்பாற்றலை அடக்கி, சிறகைச் சிதைக்கும் வைரஸ் பெருக இடம் கொடுப்பதாக 2013-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே கோழி நலமாகத் திரிந்தது என்பதை வைத்துப் பூச்சிமருந்து அதைத் தொடவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் பழி முழுவதையும் பூச்சிமருந்தின் மேல் போட நான் தயங்குவேன். ஆய்வில் அளந்து கொடுக்கிறார்கள். உங்கள் கோழி வயலில் எவ்வளவு தின்றதென்று யாரும் அளக்கவில்லை. தடுப்பு மருந்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பதே என் முதல் சந்தேகம். பெரும்பாலான உயிருள்ள தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். கடைப்பையில் போட்டு வெயிலில் பேருந்தேறி வந்திருந்தால் கண்ணில் விட்டது வெறும் தண்ணீராகவே இருந்திருக்கலாம். வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஐ-2 வகை கிடைத்தால் அதையே வாங்கி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை விடுங்கள். கடலைப் புண்ணாக்குப் பூசணம் பிடித்திருந்ததா என்றும் பாருங்கள். அதில் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சும் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும்.

மருந்து அடித்த பிறகு, டப்பாவில் குறித்திருக்கும் நாட்கள் கழியும்வரை, குறிப்பாகக் குஞ்சுகளை, அடைத்தே வையுங்கள். மருந்து பூசிய விதை மிச்சம் முற்றத்தில் சிந்தக் கூடாது. காலி டப்பாவைத் தண்ணீர்த் தொட்டியாக்கவும் கூடாது. எஞ்சிய ஆறு கோழிகள் கிருமியைச் சுமந்திருக்கக்கூடும் என்பதால் புதுக் குஞ்சுகளை இப்போதே அவற்றோடு விடாதீர்கள். டப்பாவின் எழுத்து சீனமோ தாய்லாந்தோ எதுவானாலும், அதைப் படமெடுத்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். எந்த வகை மருந்து என்று தெரிந்தால் எத்தனை நாள் அடைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.