சர்க்கரை நோய் வந்த பிறகு மனதளவில் அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எனக்குச் சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வயது 47. திருச்சியில் ஒரு ஹார்ட்வேர் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதல் ஐந்து வருடம் நோயை எங்கே சமாளித்தேன், டாக்டரைத்தான் சமாளித்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும்போது, வீட்டில் பார்த்த அளவுகளை எழுதிய சுகர் நோட்டைக் கொண்டுபோக வேண்டும். போவதற்கு முந்தின நாள் ராத்திரிதான் அந்த நோட்டையே தேடி எடுப்பேன். வெறும் வயிற்றில் 112, 118, 109. சாப்பிட்ட பின் 146, 139. எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வருமே என்று நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றி எழுதுவேன். ஓரிடத்தில் வேண்டுமென்றே 158 போட்டு, பக்கத்தில் ‘கல்யாண வீடு’ என்று குறிப்பு வேறு. பகலில் கடைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்பாத ஆள் நான்.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 9.4 என்று வந்தது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடுகிறார்கள். 9.4 என்றால் சராசரி சுமார் 223. என் நோட்டிலோ ஒரு எண்கூட 160-ஐத் தொடவில்லை. டாக்டரம்மா நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “சார், இது எனக்காக எழுதினதா, உங்களுக்காக எழுதினதா?” என்று கேட்டார். திட்டியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன், அது பழகிப்போன விஷயம். இந்தக் கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யோசித்தால் காரணம் எளிது. பயம். என் அப்பாவுக்குச் சுகரால் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். நரம்பு மரத்துப்போய், செருப்பு கடித்துப் புண் ஆனதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுச் சுகர் மீட்டரில் 240 என்று பார்த்தால் எனக்கு எண் தெரியாது, அப்பாவின் கால்தான் தெரியும். அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. ஆகவே பார்ப்பதையே விட்டேன். ஸ்ட்ரிப் டப்பா பீரோவிலேயே காலாவதி ஆனது. சுகரைக் கவனிக்காதவர்களைப் பார்த்து ‘பயமே இல்லை’ என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் பயந்துபோய்த்தான் கவனிக்காமல் இருக்கிறார்கள்.

அடுத்த முறை டாக்டரம்மா இருபது கேள்விகள் அடங்கிய ஒரு தாளைக் கொடுத்தார். வில்லியம் பொலான்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995-ல் வெளியிட்டதாம். உணவு தவறினால் குற்ற உணர்வு வருகிறதா, எதிர்காலத்தை நினைத்துக் கவலையா, தினமும் இதையே கட்டி மேய்த்துச் சலித்துவிட்டதா என்ற மாதிரி கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். மொத்தத்தை 1.25-ஆல் பெருக்க வேண்டும், 40 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய்ச் சுமை மனதை அழுத்துகிறது என்று பொருள். எனக்கு 43 வந்தது, பெருக்கினால் கிட்டத்தட்ட 54. சொன்னால் சிரிப்பீர்கள், அந்தத் தாளைப் பார்த்ததும் பெரிய நிம்மதி. என்னைப் போலப் பல பேர் இருந்தால்தானே கேள்வித்தாள் அடிப்பார்கள்?

இது மனச்சோர்வு நோய் இல்லை என்பதையும் அவரே சொன்னார். எதிலுமே பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு. அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது.

சரி, அப்புறம் என்ன மாற்றினேன்? ஒரே ஒரு வேலை கொடுத்தார். “நல்ல நம்பர் வேண்டாம். ஏதாவது ஒரு சாப்பாட்டைப் பிடிங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு பாருங்க.”

நான் பிடித்தது கேழ்வரகுக் கஞ்சியை. சுகர் வந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு மட்டும் ராத்திரி அதுதான். மற்றவர்கள் இட்லி சாப்பிட, நான் தனித் தட்டில் தண்டனைக் கைதி மாதிரி குடிப்பேன். சோதித்துப் பார்த்தால் கஞ்சிக்கு முன் 138, பின் 241! மறுநாள் இரண்டு இட்லி, நிறையச் சாம்பார், ஒரு முட்டை: 141 போய் 182. மாவாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் குடித்தால் சட்டென்று ஏறத்தான் செய்யுமாம். ஐந்து வருடம் பிடிக்காததைக் குடித்து, சுகரையும் ஏற்றி, அதற்கு என்னையே திட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன். (உங்கள் உடம்பில் வேறு மாதிரி இருக்கலாம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

காலைச் சுகர் கதையும் இதேதான். ராத்திரி ஒழுங்காக இருந்தும் விடிந்தால் 165. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடுமாம். அதில் என் தப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலையில் மீட்டரைத் தொடவே கை வந்தது. மாத்திரையை மட்டும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

எண்களோடு சமாதானம் ஆனாலும் வீட்டோடு ஆக இன்னும் நாள் பிடித்தது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பரிமாறுகிறவர் பாயச வாளியோடு என் இலைக்கு வருவதற்குள், என் மனைவி பக்கத்திலிருந்து எட்டி, “அவருக்கு வேண்டாம், சுகர்” என்றாள். எதிர் வரிசையில் நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அவரைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். பாயசம் அப்படியொன்றும் நன்றாகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. “உங்கப்பா மாதிரி ஆயிடுவீங்களோன்னு எனக்கும் பயமா இருக்காதாங்க?” என்று அவள் அழுதபோதுதான் உறைத்தது, அந்தப் பயம் என் ஒருவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம். நோட்டு ஃப்ரிட்ஜின் மேல் எப்போதும் இருக்கும், அவள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்ததற்கு அடையாளமாக ஒரு டிக் போடலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் பொய் எண் எழுதக் கூடாது. சாயங்காலம் மொட்டை மாடியில் இருவரும் சேர்ந்து நடப்பது அவள் வைத்த நிபந்தனை. மாடியில் சுகர் பேச்சுக்குத் தடை என்பது என்னுடையது. பெரும்பாலும் அவள் தம்பியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி 7.3. டாக்டர் சொன்ன இலக்கு 7. போன வாரம் ஆடிட்டர் வேலை முடிந்து நள்ளிரவில் பரோட்டா, மறுநாள் காலை 214. எழுதிவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பக்கத்தில் டிக் இருந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.