சவ்வுக்குள் ஒரு கூட்டம்: நுண்நோக்கி அக்காவிடம் கேள்விகள்

(கோலாலம்பூர் ஆய்வகம் ஒன்றில் ஒளி நுண்நோக்கிகளைப் பார்த்துக்கொள்பவர் இன்று பதில் சொல்கிறார்.)

செந்தூல் தமிழ்ப்பள்ளி ஆசிரியை: சாதாரண மைக்ரோஸ்கோப்பில் செல் சவ்வின் புரதங்கள் ஏன் தனித்தனியாகத் தெரிவதில்லை?

டீச்சர், ஒளி ஓர் அலை. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஒரு புள்ளி ஒளி ஏறத்தாழ 200 நானோமீட்டர் வட்டமாகப் பரவிவிடும். 1873இல் எர்ன்ஸ்ட் அபே சொன்ன எல்லை இது. ஒரு சவ்வுப் புரதமோ சில நானோமீட்டர்தான். அந்த வட்டத்துக்குள் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடும்.

கோல சிலாங்கூரில் இரவுப் படகில் மின்மினி பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும்போது மரம்தான் தெரியும், பூச்சி தெரியாது. ஒன்றிரண்டாக முறைவைத்து மின்னினால் எது எந்த இலையில் என்று குறித்துக்கொள்ளலாம். 2006இல் வந்த பால்ம், ஸ்டார்ம் முறைகள் இதைத்தான் செய்கின்றன: ஒளிரும் மூலக்கூறுகளைச் சிலசிலவாக எரியவிட்டு, ஒவ்வொரு வட்டத்தின் மையத்தையும் 20 நானோமீட்டர் அளவுக்குக் கணித்து, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாக்கும். ஸ்டெட் வேறு வழி. உளுந்து வடைபோல நடுவில் ஓட்டையுள்ள இரண்டாவது லேசர், சுற்றியுள்ள ஒளிர்வை அணைத்துவிடும். 2014 வேதியியல் நோபல் பெட்சிக், ஹெல், மோர்னர் மூவருக்கும் போனது இந்தத் துறைக்காகத்தான்.

கிள்ளான் முதுகலை மாணவர்: அக்கா, என் ஸ்டார்ம் படத்தில் புரதம் கொத்துக்கொத்தாக இருக்கிறது. எழுதிவிடலாமா?

பொறுங்கள் தம்பி. ஒரே மின்மினி பத்து முறை மின்னினால் பத்துப் பூச்சி என்று எண்ணிவிடுவோம். ஒரே சாய மூலக்கூறு திரும்பத் திரும்பச் சிமிட்டினாலும் படத்தில் அது கொத்தாகத்தான் விழும். புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிமேல் சாயத்தோடு வந்து ஒட்டும் இரண்டாம் நிலை ஆன்டிபாடி ஒவ்வொன்றிலும் பல சாயம் இருப்பதால் இன்னும் மோசம். செல்லை அசையாமல் நிறுத்தப் பாரஃபார்மால்டிஹைடு போட்ட பிறகும் சில சவ்வுப் புரதங்கள் நகரும். ஆன்டிபாடியே அவற்றைப் பிடித்து இழுத்துச் சேர்த்துவிடும்.

ஒரே புரதத்துக்கு இரண்டு நிறம் போடுங்கள். நிஜக் கொத்தென்றால் இரண்டும் ஒரே இடத்தில் கலந்திருக்கும். வெறும் சிமிட்டல் என்றால் பச்சை ஓரிடம், சிவப்பு வேறிடம்.

ஷா ஆலாம்: என் படத்திலும் கொத்து வருகிறது…

மேலே உள்ள பதில் உங்களுக்கும்தான்.

பெட்டாலிங் ஜெயா: நோயெதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களின் சவ்விலுள்ள ஏற்பிப் புரதங்கள், தூண்டப்படுவதற்கு முன்பே தீவுகளாக, அதாவது கொத்துகளாக, இருப்பதாக 2010இல் கட்டுரை வந்ததே. அதுவும் சிமிட்டல்தானா?

இதற்காகவே காத்திருந்தேன். 2018இல் வந்த ஆய்வு, ஓய்விலுள்ள டி செல்களில் அந்த ஏற்பிகள் தாறுமாறாகப் பரவிக் கிடப்பதாகச் சொன்னது. சண்டை இன்னும் ஓயவில்லை. செல்லை ஒட்டவைக்கக் கண்ணாடியில் தடவும் பாலி-லைசினே டி செல்லைத் தூண்டிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எது ஓய்வு?

பெட்டாலிங் ஜெயா: அப்படியானால் கொத்து என்பதே பொய்யா?

இல்லவே இல்லை! ஆன்டிஜென்னை, அதாவது டி செல் அடையாளம் காணும் அந்நியப் பொருளை, தொட்டதும் ஏற்பிகள் கூடுவதை, கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளிரவைக்கும் சாதாரண டிர்ஃப் நுண்நோக்கியிலேயே நேரடியாகப் பார்க்கலாம். வாதம் அதற்கு முந்தைய நிலையைப் பற்றி மட்டும். நான் 2018 பக்கம்தான், எண்ணிக்கைப் பிழையைக் கணக்கில் எடுத்ததால்.

ரவாங்: அப்பாவுக்கு கொலஸ்ட்ரால் அதிகம். அவர் செல் சவ்வு கெட்டுவிடுமா?

அது டாக்டரிடம் கேட்க வேண்டியது. இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.

செராஸ்: இவ்வளவு விலையுள்ள கருவி இல்லாமல் முடியாதா?

முடியும். 2015இல் வந்த விரிவாக்க முறையில், குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே வகைப் பாலிமரில் செல்லைப் பதித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிதாகும். பிறகு பல ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண கான்போகல் லேசர் நுண்நோக்கியே 70 நானோமீட்டர் வரை காட்டும்.

சுபாங்: கொத்து தெரிந்தால் போதாதா? ஏன் இவ்வளவு…

போதாது. மூன்றாவது முறை சொல்கிறேன்: இரண்டு நிறம்.

கிள்ளான் மாணவர்: அக்கா, பழைய ஸ்லைடு ஒன்றை இரண்டு நிறத்தில் எடுத்திருந்தேன். இப்போது திறந்து பார்த்தேன். பச்சையும் சிவப்பும் தனித்தனியாக நிற்கின்றன.

நல்ல வேளை, இப்போதே தெரிந்தது. அடுத்த முறை ஆன்டிபாடிக்குப் பதில் ஒற்றைச் சாயம் பூட்டிய நானோபாடி, அதாவது மிகச் சிறிய ஆன்டிபாடித் துண்டு, போடுங்கள். சுருக்கிய படம் வேண்டாம், கேமரா தந்த மூலப் பதிவை அப்படியே கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே எண்ணுவோம்.