பனியுக ஆர்க்டிக்: உப்புக் கடலா, நன்னீர் ஏரியா?

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. பனியுகத்தில் ஆர்க்டிக் பெருங்கடலே நன்னீராக இருந்தது என்று 2021-இல் வந்த செய்தியை வைத்து, அறிவியல் கண்காட்சிக்காக என் மாணவிகள் பெரிய படம் ஒன்றை வரைந்து முடித்துவிட்டார்கள். இப்போது அது தவறு என்கிறார்களே, படத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டச் சொல்லுங்கள். அதில் எழுத வேண்டியதைச் சொல்கிறேன்.

கடல்நீரில் உப்போடு சிறிதளவு யுரேனியமும் கரைந்திருக்கிறது. அது சிதைந்து தோரியம்-230 உண்டாகிறது. தோரியம் நீரில் கரைந்து நிற்காது. தூசு துரும்பில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படியும். ஆகவே உப்பு நீர் இருந்த இடத்தின் சேற்றில் அதன் தடம் இருந்தாக வேண்டும். ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வெகெனர் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் கைபர்ட்டும் குழுவினரும் ஆர்க்டிக் படிவுகளின் சில அடுக்குகளில் அந்தத் தடத்தைக் காணவில்லை. சுமார் 1,50,000 முதல் 1,31,000 ஆண்டுகளுக்கு முன்பும், 70,000 முதல் 62,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே உப்பு நீரே இல்லை, மேலே ஏறக்குறைய 900 மீட்டர் பனிப்பாளம் மூடியிருந்தது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்ததால், ஆர்க்டிக்கைப் பசிபிக்கோடு இணைக்கும், 50 மீட்டர் ஆழமே உள்ள பெரிங் நீரிணை தரையாகிவிட்டது. அட்லாண்டிக் பக்கத்து வழியையும் பனி அடைத்துவிட்டால், ஆற்று நீரும் உருகுநீரும் உப்பை வெளியே தள்ளியிருக்கும் என்பது அவர்கள் வாதம்.

அழகான வாதம்தான். ஆனாலும் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காரணம் ஒரு குட்டி ஓடு.

அந்தக் காலத்துச் சேற்றைச் சல்லடையில் கழுவி, மிஞ்சுவதை நுண்ணோக்கியின் கீழ் பரப்பினால், மணலுக்கிடையே வெண்ணிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள் ஒட்டிப் பிறந்தவைபோல் தெரியும். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரின் ஓடு அது. அங்கே அதிகம் கிடைக்கும் இனம் கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்வது; நன்னீரில் பிழைக்காது. ஏரி என்று சொல்லப்பட்ட காலத்து அடுக்குகளிலேயே இந்த ஓடுகள் கிடைக்கின்றன என்று 2022-இல் ராபர்ட் ஷ்பீல்ஹாகனும் சகாக்களும் அதே இதழில் மறுத்தார்கள். ஒரு பொருள் இல்லாமல் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். செத்த உயிரின் ஓடு அங்கே கிடப்பதற்கோ, அது அங்கே வாழ்ந்தது என்பதே நேரான காரணம்.

கைபர்ட் குழுவும் விட்டுவிடவில்லை. அடுக்குகளின் வயதே ஐயத்துக்குரியது என்று பதில் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. நடு ஆர்க்டிக்கில் சேறு படிவது ஆயிரம் ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கிலா, சென்டிமீட்டர் கணக்கிலா என்பதே பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு. அதேபோல, தோரியம் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு மறுப்பவர்களும் விடை சொல்லியாக வேண்டும். பனி மூடி, துகள்கள் விழுவது நின்றுபோனால், தோரியம் அடியில் சேராமல் நீரோட்டத்தோடு வெளியேறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

2025-இல் யோகன் க்னீஸ் குழு 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் இன்னொரு சான்றைத் தந்தது. கடல்பனியில் வாழும் பாசிகளும் திறந்த நீரில் வாழும் பாசிகளும் விட்டுச்சென்ற வேதிப்பொருட்களை அவர்கள் தேடினார்கள். ஆர்க்டிக்கும் அட்லாண்டிக்கும் சேரும் வாயிலில், 7,50,000 ஆண்டுகளாகப் பனி பருவத்துக்கு ஏற்ப வந்து போனது என்பது அவர்கள் முடிவு. வெயில் புகாத தடித்த பாளத்தின் அடியில் பாசி வளராது. ஆனால் இது வாயிலைப் பற்றிய சான்று. நடுக்கடலைப் பற்றி இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாணவிகள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடும்: தடித்த பனி வேறு, நன்னீர் வேறு. ஆர்க்டிக் கடலடியில் உள்ள லொமொனோசொவ் மலைத்தொடரில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் பனி உரசிய தழும்புகள் இருக்கின்றன. ஆக, பெரும் பனிப்பாளம் ஏதோ ஒரு காலத்தில் மிதந்திருக்கலாம். அதன் அடியில் உப்புக் கடல் இருந்திருப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது தாளில் அந்த ஃபொராமினிஃபெரா ஓட்டின் படத்தைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். கீழே, "2021: நன்னீர் என்ற கருதுகோள். 2022 முதல்: வலுவான மறுப்பு. தோரியம் குறைந்த காரணம்: ஆய்வில்" என்று எழுதினால் போதும்.