16 வருஷம் என்று யார் சொன்னது? எஃப்.ஐ.ஆரின் கடைசி வரியைப் பாருங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது, போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஊர்த் திருவிழாவில் பங்காளி வீட்டுப் பையனோடு சண்டை. தம்பி கட்டையால் அடித்ததில் அவனுக்குத் தலையில் நாலு தையல், அவனுடைய பைக்கில் கண்ணாடியும் ஹெட்லைட்டும் உடைந்துவிட்டன. எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய குற்றச் சட்டம்) 296(பி), 115(2), 118(1), 351(3), அப்புறம் டி.என்.பி.பி.டி.எல். சட்டம் 3(1) என்று போட்டிருக்கிறார்கள். நெட்டில் பார்த்துக் கூட்டினால் 16 வருஷத்துக்கு மேல் வருகிறது. அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டார். தம்பி ஊரில் இல்லை, பயந்துபோய் வெளியூர் போய்விட்டான். என்ன செய்வது?
- விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். அந்த 16 வருஷம் நீங்கள் போட்ட கூட்டல், எந்த நீதிபதியும் அப்படிப் போட மாட்டார். பிரிவுக்குப் பக்கத்தில் இருக்கும் வருஷம் "இதற்கு மேல் போகக்கூடாது" என்ற எல்லை மட்டுமே. இந்த வழக்கு நடக்கப்போவது நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில், அதாவது ஜே.எம். கோர்ட்டில். அந்த நடுவர் ஒரு குற்றத்துக்கு மூன்று வருஷத்துக்கு மேல் சிறை விதிக்கவே முடியாது. அதற்கு மேல் தேவை என்று நினைத்தால் வழக்கைத் தலைமை நடுவருக்கு அனுப்ப வேண்டும். பல பிரிவுகளில் தண்டனை வந்தாலும் பெரும்பாலும் ஏககாலத்தில் அனுபவிக்கத்தான் சொல்வார்கள்.

உங்களைப் பயமுறுத்துவது 351(3), கொலை மிரட்டல், ஏழு வருஷம். சண்டையில் "உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா" என்று கத்தாதவர் யார்? ஆத்திரத்தில் வாயில் வந்த வார்த்தை மட்டும் போதாது, எதிரிலிருப்பவரை உண்மையிலேயே அச்சுறுத்தும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 296(பி) ஆபாசமாகத் திட்டுவது, பழைய ஐ.பி.சி. 294(பி) தான், மூன்று மாதம். வெறும் திட்டு ஆபாசம் ஆகாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னது. நம் ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் இந்த இரண்டும் கிட்டத்தட்ட வழக்கமாகவே சேர்ந்து வரும். இவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

115(2) சாதாரணக் காயம், 118(1) கொஞ்சம் கனமானது. ஆயுதத்தால் காயம், மூன்று வருஷம் வரை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இங்கே எல்லாம் ஏ.ஆர். காப்பியையும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) காயச் சான்றிதழையும் பொறுத்தது. தையலோடு நின்றால் சரி, ஸ்கேனில் எலும்பு முறிவு என்று வந்தால் 118(2)-க்கு மாற்றிவிடுவார்கள், அது பத்து வருஷம், ஆயுள் வரை போகும் வேறு வழக்கு. அதனால் அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். மனிதாபிமானத்துக்காகவும்தான் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட கடைசி வரி. டி.என்.பி.பி.டி.எல். என்பது 1992-ல் நம் மாநிலம் போட்ட சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். பொதுச் சொத்துக்காக வந்தது, பிறகு தனியார் சொத்தையும் சேர்த்தார்கள். 100 ரூபாய்க்குச் சேதம் செய்தாலே போதும், பிரிவு 3-ன்படி ஐந்து வருஷம் வரை சிறை, அதுவும் குறைந்தபட்சம் ஒரு வருஷம். இதே கண்ணாடியை பெங்களூரில் உடைத்திருந்தால் பி.என்.எஸ். 324(2), அதிகபட்சமே ஆறு மாதம்தான். (பழைய ஐ.பி.சி. 324 ஆயுதக் காயம், புதிய 324 சொத்துச் சேதம். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) மற்ற நாலு பிரிவுகளில் நடுவர் அபராதத்தோடு விட வழி இருக்கிறது, இந்தப் பிரிவில் கீழ் எல்லை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆகவே உங்கள் வக்கீல் முதலில் கை வைக்க வேண்டியது இங்கே. பைக்கின் சேதம் எவ்வளவு, யார் மதிப்பிட்டார், மகஜரில் (போலீஸ் சம்பவ இடத்தில் எழுதும் பார்வைக் குறிப்பு) என்ன எழுதியிருக்கிறது, சண்டையில் வண்டி தானாகச் சாய்ந்ததா அல்லது வேண்டுமென்றே உடைத்தானா என்பதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்.

தம்பி ஓடி ஒளிவது மட்டும் வேண்டாம். 118(1)-க்கும் 3(1)-க்கும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்காது, ஆனால் ஏழு வருஷம் வரையிலான குற்றங்களில் கைது செய்ய போலீஸ் காரணம் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். உடனே மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 482-ன் கீழ் முன்ஜாமீன் போடுங்கள். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, சேதத் தொகையைக் கட்டுவது போன்ற நிபந்தனைகள் வரலாம். தம்பிக்கும் அடிபட்டிருந்தால் இன்றே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

எனக்கு உண்மையான கவலை அவன் வேலையைப் பற்றித்தான். ஊரில் பெரியவர்கள் "கேஸ் நடக்கட்டும், சாட்சியை மாத்திச் சொல்ல வெச்சுடலாம்" என்பார்கள். கேட்காதீர்கள். தமிழ்நாடு காவலர் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ் சாட்சி (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவர்) ஆனதாலோ விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை உறுதி செய்தது. எத்தனையோ பிள்ளைகள் எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் ஜெயித்துவிட்டு இந்த ஒரு விதியில் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

பங்காளிதானே, நேரில் போய் மருத்துவச் செலவையும் பைக் செலவையும் கொடுத்து மனசார மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் விசாரணை தொடங்கும் முன்பே, இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் வழக்கையே ரத்து செய்யக் கேளுங்கள். அதனால் வேலை நிச்சயம் என்று நான் உறுதி தர முடியாது, ஆனால் பிறழ் சாட்சி விடுதலையைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம், விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் "இல்லை" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், மறைத்தது தெரிந்தால் அதற்காகவே நிராகரிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். எண், ரத்து உத்தரவின் நகல் இரண்டையும் சேர்த்து வைத்து, உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.